குளிர்பதனப் பெட்டியின் வாயுவும் கதவும்

பேச்சுவழக்கில் ஃபிரிஜ் எனப்படும் வீட்டுக் குளிர்பதனப் பெட்டி, குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளிருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே தள்ளுகிறது. அவ்வேலையைச் செய்வது, மூடிய குழாய்களுக்குள் ஆவியாகியும் மீண்டும் திரவமாகியும் ஓயாமல் சுற்றிவரும் ஒரு பொருள். பழுதுபார்ப்போர் அதைச் சுருக்கமாக ‘கேஸ்’ என்பர். அது எளிதில் ஆவியாக வேண்டும், மிகுந்த அழுத்தமின்றித் திரவமாக வேண்டும் என்பதே 1920களின் அமெரிக்கத் தயாரிப்பாளர்களுக்கு முதற்கவலையாக இருந்தது; அது கசிந்தால் சமையலறையில் இருப்பவருக்கு என்ன நேரும் என்ற கேள்வி பிந்தியே எழுந்தது.

1927இல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த, கம்ப்ரசரைத் தலைமேல் சுமந்த ‘மானிட்டர் டாப்’ பெட்டியில் சல்ஃபர் டைஆக்சைடு இருந்தது. அது நச்சுவாயுதான், ஆயினும் கந்தகம் எரியும்போது எழும் அதன் கடுநெடி, சிறிதளவு கசிந்தாலும் ஆளை வீட்டைவிட்டு விரட்டிவிடும் என்பதால், அந்த நெடியே ஒருவகைக் காவலாக அமைந்தது. வேறு பெட்டிகளில் பயன்பட்ட மெதில் குளோரைடு அவ்வாறன்று: மெல்லிய இனிப்பு வாடை மட்டுமே உடைய அவ்வாயு, உறங்குபவரை எழுப்பாமலே கொல்லவல்லது. சிகாகோ நகரின் அடுக்குமாடிக் கட்டடங்களில், நிலவறையில் நிறுவிய ஒரே இயந்திரத்திலிருந்து பல வீடுகளின் பெட்டிகளுக்குக் குழாய்வழி இவ்வாயுவைச் செலுத்தும் முறை பரவியிருந்ததால், எங்கோ ஓரிடத்தில் நேர்ந்த கசிவு, கட்டடம் முழுவதற்கும் உரிய வாயுவை ஒரு குடும்பத்தின் அறைக்குள் கொட்டிவிடக்கூடியதாக இருந்தது. 1929இல் அந்நகரில் நேர்ந்த நச்சேற்றங்களையும் உயிரிழப்புகளையும் மருத்துவர்கள் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் பதிவு செய்தனர்.

பெர்லினில் வாழ்ந்த இயற்பியலாளர்கள் ஆல்பர்ட் ஐன்ஸ்டைனும் லியோ சிலார்டும், இத்தகைய கசிவால் ஒரு குடும்பமே மாண்ட செய்தியை நாளிதழில் படித்தபின் இச்சிக்கலில் இறங்கியதாகக் கூறப்படுகிறது. இயங்கும் உறுப்புகளைச் சுற்றியுள்ள அடைப்புகள் தேய்வதே கசிவுக்குக் காரணம் என்பதால், அத்தகைய உறுப்பே இல்லாத பெட்டியை வடிவமைத்து 1930இல் அமெரிக்கக் காப்புரிமையும் பெற்றனர். ஆனால் அது கடைக்கு வரவேயில்லை.

சந்தையை வென்றது வேறொரு வழி. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் பொருட்டுப் பணியாற்றிய தாமஸ் மிட்ஜ்லி, நச்சற்ற, தீப்பற்றாத குளோரோஃபுளோரோகார்பன் ஒன்றை உருவாக்கி, 1930இல் அமெரிக்க வேதியியல் கழகத்தின் கூட்டத்தில் அதைத் தாமே மூச்சிழுத்து, வெளிவிட்ட மூச்சால் மெழுகுவர்த்தியை அணைத்துக் காட்டினார். ஃபிரியான் என்ற வணிகப் பெயருடன் அது சமையலறையைக் காத்தது உண்மை. ஆனால் தரையில் எதனோடும் வினைபுரியாத அந்தப் பண்பாலேயே அவ்வாயு அழியாமல் மேல்வளிமண்டலத்தை அடைந்து ஓசோன் படலத்தைச் சிதைக்கும் என்று 1974இல் வேதியியலாளர்கள் மொலினாவும் ரோலண்டும் காட்டினர். அத்தகைய வாயுக்களைக் கட்டுப்படுத்த 1987இல் மான்ட்ரியல் உடன்படிக்கை உருவாயிற்று. 1992இல் இந்தியா அதில் இணைந்தது. இன்று பல பெட்டிகளின் ஒட்டுச்சீட்டில் காணப்படும் ஆர்600ஏ என்ற குறி ஐசோபியூட்டேனைக் குறிக்கும். அது எரியக்கூடிய வாயு; பொதுவாக ஒரு பெட்டியில் 100 கிராமுக்கும் குறைவாகவே இருப்பதால்தான் வீட்டுக்குள் அனுமதி பெற்றது. எனினும், கேஸ் எஞ்சியிருக்கும் குழாயில் பற்றவைப்புச் சுடரைக் காட்டுவது, பழைய வாயுக்களைக் கையாண்டு பழகிய கைகளுக்கும் ஆபத்தானதே.

வாயுவைவிடக் கதவின் வரலாறு துயரமானது. பழைய பெட்டிகளின் கதவு, வெளிப்புறக் கைப்பிடியை இழுத்தால் மட்டுமே விடுபடும் உலோகக் கொக்கியால் மூடப்பட்டது. காற்றுப் புகாத அப்பெட்டிகள் கொல்லைப்புறங்களில் வீசப்பட்டபோது, கண்ணாமூச்சி ஆடிய குழந்தைகள் உள்ளே ஒளிந்து மூச்சடைத்து இறந்தனர். 1956இல் அமெரிக்கா இயற்றிய சட்டம், 1958 அக்டோபர் இறுதிக்குப்பின் செய்யப்படும் ஒவ்வொரு வீட்டுப் பெட்டியும் உள்ளிருந்து திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்றது. அதற்கான அளவுகோலை வகுக்க, 2 முதல் 5 வயதுவரையுள்ள 201 குழந்தைகளை மாதிரிப் பெட்டிகளில் விட்டு ஆராய்ந்தனர். சிலர் கதவைத் தள்ளினர், சிலர் எதையும் செய்யாமல் உதவிக்காகக் காத்திருந்தனர். 15 பவுண்டு விசைக்குள் திறக்க வேண்டும் என்பது விதியாயிற்று. கொக்கியின் இடத்தை, ரப்பர் விளிம்புக்குள் பொதிந்த காந்தப் பட்டை எடுத்துக்கொண்டது. ஆயினும் சட்டத்துக்கு முந்திய பெட்டிகள் பல்லாண்டுகள் உழைத்தமையால், எறியுமுன் கதவைக் கழற்றிவிடும் வழக்கம் இன்றியமையாததாக நீடித்தது.

அதே 1958இல் கோத்ரெஜ் நிறுவனம் இந்தியாவில் குளிர்பதனப் பெட்டி செய்யத் தொடங்கியது. இந்திய வீடுகளிலோ பூட்டும் சாவியும் பொருத்திய கதவுகள் நெடுங்காலம் விரும்பி வாங்கப்பட்டன. உள்ளே அகப்பட்டவர் எப்படி வெளியேறுவார் என்பதைவிட, வெளியே நிற்பவர் எதை எடுத்துவிடுவார் என்பதே அங்கே கவலையாக இருந்தது.