நான்கு பைசாவும் ஒரு பிடி அரிசியும்: பள்ளி மானியத்தின் கதை



போன வாரம் நம் பழைய மாணவர் குழுவில் ஒரு பேச்சு ஓடியது. நம் ஊர்த் தொடக்கப் பள்ளிக்கு எல்லோரும் சேர்ந்து ஏதாவது செய்ய வேண்டும் என்றீர்கள். ஒருவர் முகப்பு வளைவு என்றார், ஒருவர் ஸ்மார்ட் போர்டு என்றார். "சார், நீங்க சொல்லுங்க" என்று என்னிடம் விட்டுவிட்டீர்கள். நேராகப் பதில் சொன்னால் நான் வாத்தியார் இல்லையே! முதலில் கொஞ்சம் வரலாறு.

பள்ளிக்கு மானியம் கொடுக்கும் முறை நம் நாட்டில் 1854ல் சார்லஸ் உட் அனுப்பிய கல்வி அறிக்கையோடு வந்தது. ஆசிரியர் பயிற்சியில் இதை உருப்போட்டவர்களுக்கு நினைவிருக்கும். தனியார் பள்ளி நடத்தினால் அரசு உதவும்; ஆனால் உள்ளூரில் நிர்வாகம் இருக்க வேண்டும், அரசின் பார்வையிடலை ஏற்க வேண்டும், சிறிய தொகையாவது மாணவரிடம் கட்டணம் வாங்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையைக் கவனியுங்கள். கட்டணம் கட்ட முடியாத பிள்ளை மானியக் கணக்குக்குள்ளேயே வரவில்லை.

பிறகு சென்னை மாகாணத்தில் தேர்வு முடிவைப் பார்த்து மானியம் தரும் முறையும் வந்தது. ஆய்வாளர் வருவார், பிள்ளைகளைச் சோதிப்பார், தேறியவர்களுக்கு ஏற்பப் பணம். திண்ணைப் பள்ளி வாத்தியாருக்கு அதுவும் ஒரு வருமானம். அப்படியானால் அவர் யாருக்கு அதிகம் சொல்லிக்கொடுப்பார்? தேறக்கூடிய பிள்ளைக்குத்தான். பசியோடு வந்து கடைசியில் உட்கார்ந்திருப்பவனால் அவருக்கு வரவு இல்லை.

அந்தப் பசியை முதலில் கணக்கில் எடுத்தது சென்னை மாநகராட்சி. 1920ல், பிட்டி தியாகராயர் தலைமையில், ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு தர முடிவு செய்தார்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மேல் போகக் கூடாது என்று கணக்கு. வேறு சில பள்ளிகளுக்கும் அது பரவியது. ஆனால் தொடக்கக் கல்வி நிதியைச் சாப்பாட்டுக்குச் செலவிடக் கூடாது என்று ஆட்சியாளர்கள் மறுத்ததால் 1925ல் நின்றுபோனது. கல்விக்கான பணம் கல்விக்குத்தான் என்பது அவர்கள் வாதம். சோறும் கல்விதான் என்று ஒப்புக்கொள்ள இன்னும் முப்பது வருடம் ஆயிற்று.

அந்த முப்பது வருடத்துக்குப் பிறகு வருவது எனக்கே தெரிந்த காலம். காமராசர் முதலமைச்சர், நெ.து.சுந்தரவடிவேலு கல்வி இயக்குநர். 1956ல் எட்டயபுரத்தில் ஊராரின் உதவியோடு மதிய உணவு தொடங்கி, 1957ல் அரசு மானியமும் சேர்ந்தது. ஒரு சாப்பாட்டுக்குப் பத்து பைசா. ஆறு பைசா அரசு, நான்கு பைசா ஊர். 1958ல் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளிலும் இதே வழிதான். கட்டடம், நிலம், பெஞ்சு, கரும்பலகை, சீருடை என்று பள்ளிக்கு வேண்டியதைப் பட்டியல் போட்டு மேடையில் படிப்பார்கள்; ஊரார் ஏற்றுக்கொள்வார்கள்.

அப்போது நான் இரண்டாம் வகுப்பு. அம்மா உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவார். வாரக் கடைசியில் வாத்தியார் வந்து வாங்கிப் போவார். எங்கள் ஊரின் நான்கு பைசா அதுதான். பள்ளி தங்களுடையது என்று ஊர் நினைத்ததற்கு அந்தக் கலயம் ஒரு காரணம். ஆனால் வேலையில்லாத கோடையில் கலயம் நிரம்பாது. அந்த நாட்களில் எங்கள் தட்டிலும் சோறு குறையும். எந்த ஊருக்கு அதிகம் வேண்டுமோ, அந்த ஊரால்தான் பங்கு தர முடியாமல் போகும்.

இன்னொரு குறையும் இருந்தது. இத்தனையும் பள்ளிக்கு வந்துவிட்ட பிள்ளைக்கு. அதற்கும் சின்னவர்கள்?

இங்கே என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி இடுப்பில் தம்பியோடு வருவாள். அவன் அழுவான், பாடம் கெடும். "தம்பியை வீட்டில் விட்டுவிட்டு வா" என்றேன். வீட்டில் விட ஆள் இல்லை. அவள் நின்றுவிட்டாள். சட்டம் பேசியதாகத்தான் அன்று நினைத்தேன். பிறகு அவள் நடவுக்குப் போவதைப் பார்த்தபோது எனக்குப் பேச வாய் வரவில்லை.

அந்தத் தம்பிகளுக்கான திட்டங்கள் பின்னால் வந்தன. 1975ல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் நாட்டில் 33 இடங்களில் தொடங்கியது. 1980ல் உலக வங்கிக் கடனுதவியோடு ஒரு சத்துணவுத் திட்டம் மதுரைப் பக்கம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் ஆரம்பமானது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை மாதாமாதம் எடைபோட்டு, எடை சரியாக ஏறாத குழந்தைக்குச் சத்துணவு கொடுத்தார்கள். அன்று தேறியவனுக்கு மானியம். இங்கே தேறாத குழந்தைக்கு முதல் உருண்டை! இந்த நூற்றைம்பது வருடக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

1982 ஜூலை 1 அன்று திருச்சி பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் இரண்டு வயதிலிருந்தே கிராமத்துக் குழந்தைகளைச் சேர்த்துக்கொண்டது. எங்கள் பள்ளிக்குப் பக்கத்திலும் குழந்தைகள் மையம் வந்தது. அக்காக்கள் தம்பிகளை அங்கே விட்டுவிட்டு வகுப்புக்கு வந்தார்கள். என் மூன்றாம் வகுப்புப் பெண்ணுக்கு மட்டும் அது தாமதமாக வந்துவிட்டது.

2019ல் 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கினார்கள். 2022ல் காலை உணவு வந்தது. வழி நீண்டதுதான், ஆனால் போகிற திசை சரி.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். வளைவு வேண்டாம். பலகை பிறகு பார்க்கலாம். அடுத்த முறை ஊருக்கு வரும்போது, பள்ளிக்குப் பக்கத்தில் இருக்கும் அங்கன்வாடிக்குள் ஒரு நிமிடம் போய் நில்லுங்கள். தண்ணீர்க் குழாய் மூன்று வயதுக் கைக்கு எட்டுகிறதா, கழிப்பறைக்குத் தனியாகப் போகக் குழந்தை பயப்படுகிறதா என்று பாருங்கள். அங்கே வேலை செய்யும் அம்மாவிடம், "இங்கே வராத குழந்தை யார், ஏன் வரவில்லை?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதில்தான் நம் பட்டியலின் முதல் வரி.

என் பங்காக ஒரு மாத ஓய்வூதியம் தருகிறேன். மற்றவர்கள் முடிந்ததைச் சொல்லுங்கள். ஒரு பிடி அரிசி என்றாலும் சரிதான். எழுத்துப் பிழை இருந்தால் சுட்டிக்காட்டுங்கள், இனி மதிப்பெண் குறைக்க உங்கள் முறை.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்