பூதத்தின் காலம்

பெங்களூரு சர்ச் தெருவின் பழைய புத்தகக் கடையில் டோல்கீனின் ‘ஹாபிட்’டைப் புரட்டும் தமிழ்ப் பிள்ளையிடம் அதில் வரும் ட்ரோல் எப்படியிருக்கும் என்று கேட்டால், ‘பூதம் மாதிரி’ என்ற விடைதான் வரும். டோல்கீனின் முதல் நாவல் அது, வெளிவந்தது 1937இல். அச்சேறுமுன் அதைப் படித்துக் கருத்தெழுதியவன், ஒரு ஷில்லிங் கூலி பெற்ற பதிப்பாளர் அன்வினின் மகன் ரேனர், வயது பத்து. ஐந்து முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்று எழுதினான். பத்து வயதுப் பெரிய மனிதனல்லவா!

குள்ளர்களை எப்படிச் சமைப்பது என்று சண்டையிட்டபடியே விடிந்துபோய்க் கல்லாகிவிடும் அந்த ட்ரோல்களின் பெயர் வடபுலத்து நார்ஸ் மொழியினது. சுவீடிய மொழியில் ‘ட்ரோல்டம்’ என்றால் சூனிய வித்தை. மாயமும் மாய உருவும் அங்கே ஒரே சொல்லடியில் பிறந்தவை.

நம் பூதமோ வடமொழியின் ‘பூ’ என்னும் வேரில் முளைத்தது; ஆதல், இருத்தல் என்பது அவ்வேரின் பொருள். இது கடன்சொல் என்பதைக் கன்னடமே காட்டிக்கொடுக்கிறது: நம் பால் அங்கே ஹாலு, பல் ஹல்லு, மலரும் பூ ஹூவு, பூதம் மட்டும் ஹகரம் ஏறாமல் ‘பூத’வாகவே நிற்கிறது. கடன் வாங்கினாலும் தமிழ் அதைச் சும்மா வைத்திருக்கவில்லை. நிலமும் நீரும் ஐம்பூதமாயின. பூதஞ்சேந்தனார் என்று புலவருக்குப் பெயராயிற்று. சிலப்பதிகாரத்துப் புகாரில், நாற்சந்தியில் நின்று, பொய்ச்சான்று சொல்வோரையும் பிறர்மனை விழைவோரையும் புடைத்துண்ணும் சதுக்கப்பூதமாயிற்று. ட்ரோலுக்கு இந்த நீதியுணர்வு கிடையாது. பின்னர் பருமை என்னும் பொருள் தலைதூக்கவே, சிற்றெழுத்தைப் பெரிதாக்கும் ஆடி பூதக்கண்ணாடி ஆனது. கன்னடத்திலும் அது ‘பூதகன்னடி’யே.

சொல்லன்பர்கள் சற்றே நின்று சுவைக்க வேண்டிய இடம் இனித்தான் வருகிறது. ‘பூத’ என்ற வடசொல்லின் நேர்ப்பொருள் ‘ஆகிவிட்டது’. அதனால்தான் கன்னட இலக்கணம் சென்ற காலத்தைப் ‘பூதகால’ என்கிறது. நாம் அதை இறந்தகாலம் என்கிறோம். இறத்தல் என்றால் முன்பு கடத்தல். வரம்பிறந்தான் என்றால் எல்லை மீறியவன். காலத்தைக் கடந்து, உலகைக் கடந்து, கடைசியில் சாவில் வந்து நின்றது அச்சொல். ஆகிமுடிந்ததைப் பேயாக்கியது ஒரு மொழி, கடந்துபோனதைச் சாவாக்கியது மற்றொன்று. வேர் வேறு, நினைப்பு ஒன்று.

1990களில் பெங்களூரில் ஒரு புரளி பரவியது. இரவில் பேய் ஒன்று வந்து, வீட்டாருக்குத் தெரிந்த குரலில் அழைத்துக் கதவைத் தட்டுமாம். அப்பேயைத் ‘தெவ்வ’ என்றனர். கேட்டால் நம் தெய்வத்தின் உடன்பிறப்பு போலிருக்கும். மக்கள் கதவில் எழுதி வைத்த காப்பு ‘நாளெ பா’. நாளை வா என்பதுதான். வில் பில்லாகவும் வேர் பேராகவும் வெண்ணெய் பெண்ணெயாகவும் மாறும் அதே வழக்கில் வா பாவாயிற்று. பேய் அதைப் படித்துவிட்டுத் திரும்பிப் போய், மறுநாள் வந்து மீண்டும் படிக்குமாம். இறந்தகாலத்தை விரட்ட எதிர்காலத்தைக் கதவில் எழுதிய அந்த ஊராருக்கு இலக்கணம் நன்றாகவே தெரிந்திருக்கிறது.