குறிஞ்சிக்கு வந்த மீன்

லண்டனில் வாழும் என் தமக்கையின் மகன் விடுமுறைக்கு வந்து வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் தங்கியிருக்கிறான். அவனுடைய பெட்டியில் துண்டு துண்டாகக் கழற்றி வைத்த தூண்டில் தடி ஒன்று இருந்தது. “மாமா, நுவரெலியாப் பக்கம் ட்ரவுட் மீன் பிடிக்கலாமாமே. எந்த மாசம் போனா நல்லம்?” என்று கேட்டான். சின்னக் கேள்விதான். ஆனால் அதற்கு விடை தேடப் போன நான் நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு வரலாற்றுக்குள் நுழைந்துவிட்டேன்.

ட்ரவுட் நமது மீனன்று. குளிர்ந்து தெளிந்து ஓடும் நீரில் மட்டுமே அது வாழும். நீரின் வெப்பம் இருபது பாகையைத் தாண்டினால் வாடத் தொடங்கிவிடும். அத்தகைய மீனை வெப்பமண்டலத் தீவுக்குக் கொண்டுவர வேண்டும் என்ற எண்ணம் யாருக்கு வந்தது? தோட்டத் துரைமாருக்கும் அவர்களின் நண்பர்களுக்கும்தான். 1855 வரை நுவரெலியாவில் வாழ்ந்த சாமுவேல் பேக்கர், அந்த மலையூரை ஓர் ஆங்கிலக் கிராமமாகவே மாற்ற முயன்றவர். மாடுகளும் மரக்கறிகளும் வந்தபின், ஆங்கிலேய ஆற்றங்கரையின் நினைவாக மீனும் வரவேண்டுமல்லவா?

வழியைக் காட்டியது தஸ்மேனியா. 1864இல், ஈரப் பாசியில் பொதிந்து பனிக்கட்டியின் கீழ் வைத்த முட்டைகள் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி, உயிரோடு அங்கே போய்ச் சேர்ந்தன. 1882இல் பழுப்பு ட்ரவுட் இலங்கை மலைநாட்டுக்கு வந்தது. புகையிரதம் நானுஓயாவை எட்டியது 1885இல்தான். புகையிரதத்தை முந்திக்கொண்டு மீன் வந்துவிட்டது என்றால் மிகையாகாது. கோப்பிச் செடிகளை நோய் தின்று தீர்த்து, தோட்டங்கள் தேயிலைக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது.

ஆனால் பழுப்பு ட்ரவுட் இங்கே இனம் பெருக்கவில்லை. திரும்பத் திரும்ப முட்டைகளை வரவழைக்க வேண்டியிருந்தது. பின்னர் வட அமெரிக்காவின் மேற்குக் கரையைத் தாயகமாகக் கொண்ட வானவில் ட்ரவுட் கொண்டுவரப்பட்டது. அது ஹோட்டன் சமவெளியின் ஓடைகளில் தானே முட்டையிட்டுப் பெருகியது. 1896இல் இலங்கை மீன்பிடிக் கழகம் தோன்றியது. கழகத்தார் குஞ்சு பொரிக்க வைத்து ஓடைகளில் விட்டனர். அவர்களுள் ஒருவரான தோமஸ் ஃபார் என்ற தோட்டத் துரையின் பெயரே சமவெளியிலுள்ள ஃபார் விடுதிக்கு வழங்குகிறது.

தமிழ்நாட்டிலும் இதே கதைதான். பிரான்சிஸ் டே 1863இல் நீலகிரியில் முயன்று தோற்றார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச். சி. வில்சன் வெற்றி கண்டார். அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் எழுந்தது.

இனி, இந்த மீன்பிடியின் முறையைச் சொல்கிறேன். புழுவோ இறாலோ இதற்கு வேண்டாம். இறகையும் நூலையும் முள்ளில் கட்டி, ஈயைப் போன்ற பொய்யிரை ஒன்றைச் செய்கிறார்கள். ஈயக்குண்டு கிடையாது. கயிற்றின் பாரமே இரையை வீசுகிறது. மீன் ஓட்டத்தை எதிர்த்து நிற்பதால், பிடிப்பவன் அதன் பின்னால் மெல்ல மேலேறி வருவான். இந்தப் பொய்யிரைகளுக்காக, குறிப்பாகச் சால்மன் மீனுக்கானவற்றுக்காக, தென்னிந்தியச் சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்திறகு பெருமளவில் பிரித்தானியாவுக்குப் போயிற்று. நமது காட்டின் இறகு அங்கே போக, அவர்கள் ஆற்றின் மீன் இங்கே வந்தது.

சரி, எந்த மாதம்? ஆங்கில நூல்கள் நான்கு பருவம் சொல்லும். நமது இலக்கணமோ ஆறு பெரும்பொழுது வகுத்தது. ஆனியும் ஆடியும் முதுவேனில். ஆனால் மலையகத்தின் மேற்குச் சரிவுகளில் அப்போது தென்மேற்குப் பருவமழை கொட்டுகிறது. ஓடைகள் கலங்கிப் பெருகும். ஐப்பசிக்குப் பின் அடுத்த மழை. தை பிற்பகுதி முதல் பங்குனி வரை வானம் வெளுக்கும், விடியலில் உறைபனி விழும், நீர் கண்ணாடியாகும். ஆகவே இரண்டு நாட்டுக் கணக்கும் இங்கே முழுதாகப் பொருந்தவில்லை. ஒன்று மட்டும் என்னை வியக்க வைத்தது. குறிஞ்சித் திணைக்குரிய பொழுது கூதிரும் முன்பனியும். கூடலுக்குரிய காலம் அது. ட்ரவுட் முட்டையிடுவதும் ஏறத்தாழ அந்தக் குளிர் மாதங்களில்தான். மீனைத் திணை நூலார் நெய்தலுக்கும் மருதத்துக்கும் கொடுத்தார்கள். குறிஞ்சிக்கென்று ஒரு மீன் கடல் கடந்து வந்து, குறிஞ்சியின் பொழுதையும் கைக்கொண்டுவிட்டது.

ஆனால் நேயர்களே, கதை இனிமையாக முடியவில்லை. ஹோட்டன் சமவெளியின் ஓடைகளில் வாழும் ஒருவகைச் சிறு இறால் உலகில் வேறெங்கும் இல்லை. ஓடைகளில் தவளைகளும் அரியவை. இவற்றை இரையாகக் கொள்ளும் பெரிய மீன் முன்பு அங்கே இருந்ததில்லை. உலகின் மிக மோசமான நூறு அந்நிய ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலில் பழுப்பு ட்ரவுட்டும் வானவில் ட்ரவுட்டும் இரண்டுமே இருக்கின்றன. சமவெளி 1988இல் தேசியப் பூங்காவானது. 2010இல் மத்திய மலைநாடு உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. துரைமார் விளையாட்டுக்கு விட்ட மீன் இன்று காவலாளருக்குக் கவலை.

இன்னொன்றும் என் மனதை உறுத்துகிறது. துரைமாரின் நூல்களில் எந்த ஓடையில் எத்தனை இறாத்தல் மீன் பிடிபட்டது என்ற கணக்கு உண்டு. அந்தக் காட்டுப் பாதையில் கூடாரமும் உணவும் சுமந்து நடந்தவர்களின் பெயர்கள், நான் பார்த்த பக்கங்களில் இல்லை. அவர்களுள் எத்தனை பேர் லயத்திலிருந்து வந்த நம் மக்களோ! அவர்களின் பாட்டையாவது சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்துத் தந்தார். மீனுக்குப் பல தசாப்தங்களுக்கு முன்பே இந்த மலைக்கு வந்த மக்களில் பெரும்பாலோர், 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடற்றவர் ஆனார்கள். அவர்களின் வழித்தோன்றல்களுள் சிலர் 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருந்தார்கள். மீனிடம் மட்டும் எவரும் பிறப்புப் பத்திரம் கேட்கவில்லை.

இதையெல்லாம் மருமகனிடம் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, “அப்ப தடியைக் கொண்டு போகாம விடுவமா, மாமா?” என்றான். மாசி மாதத்தில் கோட்டையிலிருந்து காலைப் புகையிரதம் ஏறி, ஒஹியவில் இறங்கி, சமவெளிக்குப் போவதென்று முடிவு செய்திருக்கிறோம். கொட்டாஞ்சேனையிலிருந்து என் நண்பர் ஒருவரும் வருகிறார். அவருடைய பாட்டனார் நானுஓயாத் தோட்டமொன்றில் பிறந்தவர். தூண்டில் தடி வெள்ளவத்தை வீட்டு அலுமாரியிலேயே இருக்கும். ஓடைக்கரையில் குந்தியிருந்து பார்க்கக் கண் இருந்தால் போதும்.