குடலுக்குக் குடிவரும் நரம்பணுக்கள்: கடைமடைக் கணக்கு

1. ஆய்வுப் பொருள்

குடற்சுவரில் நரம்பணுக்கள் இரண்டு பின்னல்களாக அமைந்திருக்கின்றன. உட்சவ்வுக்கு அடியில் உள்ளதை 1857இல் மெய்ஸ்னரும், இரு தசை அடுக்குகளுக்கு இடையே உள்ளதை 1862இல் அவுவர்பாகும் விவரித்தனர். வெளியிலிருந்து வரும் நரம்புகளை அறுத்துவிட்டாலும் குடல் தன்னிடம் உள்ளதைக் கீழ்நோக்கித் தள்ளுகிறது என்று பேலிஸும் ஸ்டார்லிங்கும் 1899இல் காட்டினர். மூளையின் ஏவலுக்குக் காத்திராத இந்த நரம்பணுக்களின் மூலச் செல்கள் குடலில் தோன்றியவை அல்ல. எல்லாமே வெளியூரிலிருந்து வந்து குடியேறியவை.

எது அவற்றை அழைத்தது என்றுதான் பாடநூல்கள் பெரும்பாலும் கேட்கின்றன. எத்தனை செல்கள் வந்தன, எந்த நேரத்தில் வந்தன என்ற கேள்விகளே முதன்மையானவை என்பது இக்கட்டுரையின் வாதம்.

2. பிறப்பிடம்

கருவின் முதுகுப்புறத்தில் நரம்புக்குழல் மூடிக்கொள்ளும்போது அதன் விளிம்பில் உருவாகும் செல்கள் நரம்பு முகட்டுச் செல்கள் எனப்படும். கோழிக் கருவின் கழுத்துப் பகுதியில் இவற்றை அகற்றினால் குடலில் நரம்பணுக்கள் அமைவதில்லை என்பதை யின்டெமாவும் ஹாமண்டும் 1954இல் பதிவு செய்தனர். எஞ்சிய ஐயத்தைத் தீர்த்தவர் பிரான்சின் நிக்கோல் லெ துவாரன். காடைச் செல்லின் உட்கருவைச் சாயமேற்றிப் பார்த்தால் கோழிச் செல்லிலிருந்து தெளிவாகப் பிரித்தறியலாம். ஆகவே கோழிக் கருவில் ஒரு துண்டை எடுத்துவிட்டு அதே இடத்தில் காடையின் துண்டைப் பொருத்தினார். பிறகு காடைச் செல்கள் எங்கெங்கே போய்ச் சேர்ந்தன என்று தேடினார். தெய்யேயுடன் 1973இல் அவர் வெளியிட்ட முடிவு இன்றும் நிற்கிறது: பெரும்பாலானவை முதல் 7 உடற்கண்டங்களை ஒட்டிய பகுதியிலிருந்து வருகின்றன; 28ஆம் கண்டத்துக்குப் பின்னுள்ள இடுப்புப் பகுதி, பின்குடலுக்கு மட்டும் ஒரு சிறு பங்கைத் தருகிறது.

கருவியாகக் கையில் இருந்தவை இரண்டு பறவைகளின் முட்டைகளும் ஒரு சாயமும்தான். உயிரியலில் இவ்வளவு எளிமையான, இவ்வளவு உறுதியான சோதனைகள் மிகச் சிலவே.

3. பாதை

எலிக் கருவில் இச்செல்கள் ஏறத்தாழ 9ஆம் நாள் முன்குடலுக்குள் நுழைந்து, 14ஆம் நாள் வாக்கில் கடைசி முனையை எட்டுகின்றன. மனிதக் கருவில் இப்பயணம் 4ஆம் வாரத்திலிருந்து 7ஆம் வாரம் வரை நடக்கிறது. ஒன்றையொன்று தொட்டபடி, சங்கிலி கோத்ததுபோல அவை நகர்கின்றன. இடையில் ஒரு குறுக்கு வழியும் உண்டு. நடுக்குடலும் பின்குடலும் கொண்டைஊசி வளைவாக அருகருகே கிடக்கும் குறுகிய காலத்தில், சில செல்கள் இடையிலுள்ள குடல்தாங்கிச் சவ்வைக் கடந்து நேரே பின்குடலில் இறங்கிவிடுகின்றன. எலியில் இதை 2012இல் கண்டறிந்தனர்.

4. எண்ணிக்கை

ஆற்றில் திறந்துவிட்ட நீர் கடைமடைக்குப் போய்ச் சேருமா என்பது மதகில் எவ்வளவு திறந்தார்கள் என்பதைப் பொறுத்தது. குடலிலும் அப்படியே. கோழிக் கருவில் கழுத்துப் பகுதி முகட்டுச் செல்களில் ஒரு பகுதியை மட்டும் அகற்றினால், மீதமுள்ளவை முன்குடலை நிரப்பிவிட்டுப் பின்குடலை எட்டாமல் நின்றுவிடுகின்றன. ஆனால் நீருக்கும் செல்லுக்கும் ஒரு வேறுபாடு உண்டு: செல் வழியிலேயே பெருகும். முன்னணியில் நிகழும் அந்தப் பெருக்கமே கூட்டத்தை முன்னே தள்ளுகிறது.

மரபணுக்களையும் இந்தக் கண்கொண்டு படிக்கலாம். குடற்சுவர் சுரக்கும் ஜிடிஎன்எஃப் என்ற புரதத்தை, செல்லின் மேலுள்ள ரெட் என்ற ஏற்பி பற்றுகிறது. செல்லை ஈர்ப்பதோடு அதை உயிரோடு வைப்பதும் பெருகச் செய்வதும் இதே இணைதான். ரெட் இல்லாத எலிகள் சிறுகுடல், பெருங்குடல் முழுவதிலும் நரம்பணு இல்லாமல் பிறக்கின்றன. எண்டோதீலின்-3 என்ற மற்றொரு புரதத்தின் வேலை வேறு. செல்கள் அவசரப்பட்டு நரம்பணுவாக முதிர்ந்துவிடாமல் அது தடுக்கிறது. முதிர்ந்தால் பெருக்கம் நிற்கும். பெருக்கம் நின்றால் கடைமடை காயும்.

எண்ணிக்கை மட்டும் போதாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கருவின் குடற்சுவர் நாளுக்கு நாள் முதிர்கிறது. தாமதமாக வந்த செல்களுக்கு, முன்பு இடம் கொடுத்த அதே சுவர் இடம் கொடுப்பதில்லை. எனவே கணக்கில் காலமும் ஒரு காரணி.

5. கணக்கு தவறும்போது

கோபன்ஹேகன் மருத்துவர் ஹரால்ட் ஹிர்ஷ்ஸ்ப்ரங் 1886இல் விவரித்த நோய், சுமார் 5,000 குழந்தைகளில் ஒன்றைத் தாக்குகிறது. பிறந்து இரண்டு நாளாகியும் மலம் கழியாமல் வயிறு வீங்கும். வீங்கிய பகுதியில்தான் கோளாறு என்று நெடுங்காலம் கருதினர். உண்மையில் அங்கே நரம்பணுக்கள் உண்டு. அதற்குக் கீழே, சுருங்கிக் கிடக்கும் பகுதியில்தான் அவை இல்லை. ஏறத்தாழ ஐந்தில் நான்கு குழந்தைகளிடம் இந்த வெறுமை மலக்குடலோடும் அதை ஒட்டிய வளைவோடும் நின்றுவிடுகிறது.

தோலுக்கு நிறம் தரும் செல்களும் முகட்டிலிருந்தே வருபவை. அதனால் எண்டோதீலின் ஏற்பியில் பிழையை இரு பெற்றோரிடமிருந்தும் பெற்ற குதிரைக் குட்டி வெள்ளையாகப் பிறந்து, குடல் இயங்காமல் சில நாளில் இறந்துபோகிறது. மனிதரிலும் இந்நோயோடு வெண்முடிக் கற்றையும் செவிட்டுத்தன்மையும் சேர்ந்து வருவதுண்டு.

மனிதக் குழந்தைக்கு 1948இல் ஸ்வென்சன் வழி கண்டார்: நரம்பணு இல்லாத பகுதியை அகற்றி, நல்ல குடலைக் கீழே இழுத்து இணைப்பது. எங்கே வெட்டுவது என்பதை இன்றும் அறுவையின்போதே திசுத் துண்டுகளை நுண்ணோக்கியில் பார்த்து முடிவு செய்கிறார்கள். அவர்கள் தேடும் எல்லை, கருவின் 7ஆம் வாரத்துக்குள் செல்கள் வந்து நின்ற எல்லை.