பெண் பிள்ளைகளுக்குக் கொடுத்த கரை

பத்திரப் பதிவு அலுவலகத்தில் பிழைப்பை ஓட்டியவன் நான். எந்த ஊருக்குப் போனாலும் கோயில், குளம், கடல் எல்லாம் எனக்கு அப்புறம்தான். இந்த இடம் யார் கையில் இருந்தது, எப்படிக் கைமாறியது என்பதில்தான் முதலில் புத்தி போகும். மிலானில் இருக்கும் மகள், இத்தாலியைச் சேர்ந்த சார்தீனியாத் தீவின் வடகிழக்கு மூலையில் உள்ள கோஸ்தா ஸ்மெரால்டாவுக்கு அழைத்துப் போனபோதும் அதே கதைதான். உலகத்துப் பணக்காரர்கள் ஜூலை, ஆகஸ்டில் சொந்தக் கப்பல்களில் வந்து இறங்கும் கரை அது. நாங்கள் போனது செப்டம்பர் கடைசியில். கூட்டமும் குறைவு, அறை வாடகையும் குறைவு.

போர்த்தோ செர்வோ துறைமுகத்தைப் பார்த்தால் பழைய மீனவர் கிராமம் என்றுதான் தோன்றும். மங்கலான காவிச் சுவர், கோணல்மாணலான ஜன்னல், வெயிலில் வெளுத்த ஓடு, படகுத்துறைக்கு இறங்கும் குறுகல் படிகள். அத்தனையும் 1962க்குப் பிறகு கட்டியவை. என்னைவிட இளைய ஊர்! அதற்கு முன் அங்கே மீனவர் குப்பம் என்று ஒன்று இருக்கவில்லை. கல்லூரா என்ற அந்த வட்டாரத்துக்காரர்கள் ஆடு மாடு மேய்த்தவர்கள். மேய்ச்சல் காட்டுக்கு நடுவே தனித்தனியாகக் கருங்கல் வீடு கட்டிக்கொண்டு, கடலுக்கு முதுகைக் காட்டி வாழ்ந்தவர்கள்.

கடலை ஒதுக்கியதற்குக் காரணம் இருந்தது. ஒரு காலத்தில் கடற்கொள்ளையர். எல்லாக் காலத்திலும் மலேரியா. 1946இல் சார்தீனியா முழுவதும் 75,000 பேருக்கு மேல் மலேரியா கண்டது. அந்த ஆண்டு தொடங்கி 1950 வரை, ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் வழிகாட்டலில் தீவு முழுவதும் வீடு வீடாக டி.டி.டி. மருந்து அடித்தார்கள். கொசுவை அடியோடு ஒழிப்பதுதான் திட்டம். கொசு ஒழியவில்லை, தப்பிப் பிழைத்துக்கொண்டது. ஆனால் நோய் போய்விட்டது. 1951இல் பதிவானது 9 பேர் மட்டும். இந்த மருந்தடிப்பு நடக்காமல் இருந்திருந்தால் அங்கே எந்த இளவரசரும் துண்டை விரித்துப் படுத்திருக்க மாட்டார்.

இப்போது பாகப் பிரிவினைக்கு வருகிறேன். கார்க் மரமும் நல்ல மேய்ச்சலும் உள்ள உள்நிலம் ஆண் பிள்ளைகளுக்கு. உப்புக் காற்றில் ஒன்றும் விளையாத கரையோரப் பாறை நிலம் பெண் பிள்ளைகளுக்கு. அப்படித்தான் அந்தக் காலத்தில் பிரித்தார்கள் என்று அங்கே சொல்கிறார்கள். நம் ஊரில் மட்டும் என்ன வாழ்ந்தது? நஞ்சையைத் தம்பி பெயருக்கு எழுதிவிட்டு, அக்காவிடம் நாலு பவுனைக் கொடுத்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கியவர்களை என் மேசைக்கு எதிரில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அங்கே கதை திரும்பிவிட்டது. 1960களில் உள்நிலத்தைச் சீந்த ஆளில்லை. கரையை வாங்கப் பணத்தோடு வந்து நின்றார்கள். அண்ணன்மார் ஆடு மேய்த்துக்கொண்டிருக்க, தங்கைகள் பணக்காரிகள் ஆனார்கள்.

வாங்க வந்தவர்களில் முக்கியமானவர் நான்காம் ஆகா கான், இளவரசர் கரீம். இஸ்மாயிலி முஸ்லிம்களின் இமாமாக இருந்தவர். காந்தியைச் சிறை வைத்த, கஸ்தூர்பா உயிர்விட்ட புனே ஆகா கான் மாளிகையை 1892இல் கட்டியவர் இவருடைய தாத்தா. 1969இல் அதை இந்தியாவுக்குக் கொடுத்தவர் இவர். 1962 மார்ச் 14 அன்று, தன் 25ஆவது வயதில், கூட நிலம் வாங்கிய சிலரைச் சேர்த்துக்கொண்டு ஒரு கூட்டமைப்பைப் பதிவு செய்தார். அப்போது அங்கே தார்ச் சாலை இல்லை, மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. அடுத்த ஆண்டே அலிசார்தா என்று சொந்த விமான நிறுவனம் ஒன்றையும் தொடங்கினார். கூட்டமைப்பின் எல்லைக்குள் இன்று இருப்பது சுமார் 3,000 ஹெக்டேர். நம் கணக்கில் ஏறக்குறைய 7,400 ஏக்கர்.

என்னை அசத்தியது அவருடைய பணமல்ல, விதிப் புத்தகம். அங்கே மனை வைத்திருப்பவர் தன் இஷ்டத்துக்குச் சுவர் எழுப்ப முடியாது. கட்டடக் கலைஞர்கள் கொண்ட குழு வரைபடத்தைப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். மரத்துக்கு மேல் கட்டடம் எழும்பக் கூடாது. மின்கம்பி, தொலைபேசிக் கம்பி எல்லாம் மண்ணுக்கடியில். நட வேண்டியது அந்த மண்ணின் செடி. நம் ஊரில் லே-அவுட் போடும் புண்ணியவான்கள் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

காலா தி வோல்பே ஓட்டல் 1963இல் திறந்தது. ழாக் குவெல் என்ற பிரெஞ்சுக்காரர் வடிவமைத்தது. 1977இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படமான ‘தி ஸ்பை ஹூ லவ்டு மீ’யில் வருவது இதுதான். சுவரைத் தடவிப் பார்த்தேன். ரசமட்டக் கட்டை படாத பூச்சு, கையால் இழுத்துவிட்டது போல மேடும் பள்ளமும். நேர்கோடு என்று எதுவும் இல்லை. பழசாகத் தெரிய வேண்டும் என்றே வேலை செய்திருக்கிறார்கள். பொய்தான், ஆனால் கைவேலை தெரிந்த பொய். அதைவிட எனக்குப் பிடித்தது, மிக்கேலே புசிரி வீச்சி 1968இல் கட்டி முடித்த ஸ்தெல்லா மாரிஸ் தேவாலயம். வெள்ளை வெளேர் என்ற சுவர். முகப்பைத் தாங்குவதோ உளி படாதது போல நிற்கும் கருங்கல் தூண்கள். கரையிலிருந்து உள்ளே தள்ளி, அர்சக்கேனா ஊர்ப் பக்கம் ஆயிரக்கணக்கான ஆண்டு பழமையான பெருங்கற்காலக் கல்லறைகள் இருக்கின்றன. அவற்றைப் பார்த்தவர் கண்ணுக்கு இந்தத் தூண்கள் எங்கிருந்து வந்தன என்பது தெரிந்துவிடும்.

பிறகு வழக்கமான கைமாற்றம். இன்னும் கட்ட வேண்டும் என்று ஆகா கான் போட்ட பெரிய திட்டத்துக்கு அரசாங்கத்தின் அனுமதி இழுத்துக்கொண்டே போனது. 1994இல் ஓட்டல்கள் அமெரிக்காவின் ஐ.டி.டி. ஷெரட்டனுக்குப் போயின. பிறகு ஸ்டார்வுட், 2003இல் காலனி கேப்பிடல், 2012இல் கத்தார். மேய்ப்பர் வீட்டுப் பெண்களின் சீதனம் இப்படி வளைகுடா வரைக்கும் போய்விட்டது. ஆகா கான் 2025 பிப்ரவரியில் லிஸ்பனில் காலமானார்.

ஒன்றை மட்டும் யாராலும் வாங்க முடியவில்லை. இத்தாலியச் சட்டப்படி கடற்கரை மணல் அரசின் பொதுச் சொத்து. நம் கடலோரப் புறம்போக்கு மாதிரி. ஆகா கானுக்குப் பிடித்த கரை என்பதால் இளவரசர் கடற்கரை என்றே பெயர் வாங்கிவிட்ட இடத்துக்குக்கூட வண்டியை நிறுத்திவிட்டு ஒற்றையடிப் பாதையில் நடந்து இறங்கினால் போதும், டிக்கெட் கிடையாது. போகிறவர்கள் தண்ணீர் பாட்டில் எடுத்துப் போங்கள். ஞாபகத்துக்கு என்று மணலையோ கிளிஞ்சலையோ பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். விமான நிலைய ஸ்கேனரில் தெரிந்துவிடும். 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதம் 500 முதல் 3,000 யூரோ வரை.