போர்ட்டும் ஸ்டில்ட்டனும்: சுங்க வரி பேசி முடித்த சம்பந்தம்

எந்த ஒயினுக்கு எந்த சீஸ் என்று கேட்டால், பிரான்சில் ஒரு சுலபமான கணக்கு உண்டு: ஒரே மண்ணில் விளைந்தவை ஒன்றோடொன்று சேரும். சான்செர் ஒயினுக்கு அதே வட்டாரத்து ஷவின்யோல் ஆட்டுப்பால் சீஸ். ஆனா இங்கிலாந்தில் கிறிஸ்துமஸ் விருந்தாளிகளுக்கு வைக்கிற ஜோடியைப் பாருங்க. ஸ்டில்ட்டன், நீலப் பூஞ்சை ஓடிய ஆங்கிலப் பசும்பால் சீஸ். கூட வரும் போர்ட் ஒயினோ போர்ச்சுகலின் டோரு பள்ளத்தாக்கில் விளைவது. நடுவில் கடல்!

இந்தச் சம்பந்தம் நாக்கில் தொடங்கவில்லை, சுங்கத்தில் தொடங்கியது. 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரான்சோடு சண்டை வந்ததும் பிரெஞ்சு ஒயினுக்கு இங்கிலாந்தில் தடை, அப்புறம் கடும் வரி. 1703இல் மெத்யூவன் ஒப்பந்தம். ஆங்கிலேயரின் கம்பளித் துணியைப் போர்ச்சுகல் உள்ளே விடும். பதிலுக்கு அதன் ஒயினுக்கு, பிரெஞ்சு ஒயின் கட்டும் வரியில் மூன்றில் இரண்டு பங்குதான். கப்பலில் கெடாமலிருக்க அதில் பிராந்தியைச் சேர்த்தார்கள்.

ஏறக்குறைய அதே காலத்தில், லண்டனிலிருந்து வடக்கே போகும் பெருவழியில் ஸ்டில்ட்டன் என்றொரு ஊர். குதிரை வண்டிகள் நின்று போகும் இடம். அங்கே 'பெல்' சத்திரத்தை நடத்திய கூப்பர் தார்ன்ஹில் பயணிகளுக்கு விற்றே இந்த சீஸைப் பிரபலமாக்கினார். 'ராபின்சன் குரூசோ' எழுதிய டேனியல் டீஃபோ, 1720களில் வெளியான தன் பயண நூலில் இதைப் பற்றிச் சொல்கிறார்: சீஸைச் சுற்றி மொய்க்கும் பூச்சி புழுவையும் அள்ளித் தின்னக் கூடவே கரண்டி தருவார்களாம். (இன்றைய விதிப்படி டெர்பிஷயர், லெஸ்டர்ஷயர், நாட்டிங்ஹம்ஷயர் மூன்றில் மட்டும்தான் இதைச் செய்யலாம். ஸ்டில்ட்டன் ஊர் இருப்பதோ கேம்பிரிட்ஜ்ஷயரில்!)

பணக்கார வீடுகளில் சாப்பாடு முடிந்து பெண்கள் எழுந்து போனபின், ஆண்கள் போர்ட் குடுவையை இடப்பக்கமாகக் கைமாற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். விருந்தின் கடைசியில் வரும் சீஸுக்கு அந்த மேஜையில் துணையாக நின்ற ஒயின் அதுதான்.

'உப்புக்கு இனிப்பு, அதான் பொருத்தம்' என்கிறார்கள் இப்போது. நிஜம்தான், சாப்பிட்டுப் பார்த்தால் தெரியும். ஆனால் புளிக்கும்போதே நடுவில் பிராந்தி ஊற்றினால்தான் ஈஸ்ட் அடங்கி, திராட்சையின் சர்க்கரை தங்கும். அந்த முறை வழக்கமாக நிலைத்தது 19ஆம் நூற்றாண்டில். 1703இல் வரிச்சலுகை பெற்று இறங்கிய ஒயின் பெரும்பாலும் இனிப்பே இல்லாதது.

விக்டோரியா காலத்தில் முழு ஸ்டில்ட்டனின் நடுவைக் கரண்டியால் குடைந்து, குழியிலேயே போர்ட்டை ஊற்றி வைப்பார்கள். இன்றைய சீஸ்காரர்களுக்கு அது ஆகாது. இரண்டும் வீண் என்பார்கள்.