அலங்கார விளக்கும் எர்த் கம்பியும்

வீட்டில் ஏற்கெனவே உள்ள விளக்குச் சுற்றில் ஓர் உலோக அலங்கார விளக்கைச் சேர்க்க மூன்று கம்பிகள் வேண்டும்: ஃபேஸ், நியூட்ரல், எர்த். முதல் இரண்டும் விளக்கை எரியவைப்பவை. மூன்றாவது, விளக்கின் உடலுக்கு உரியது. அந்த உடலை மின்சாரத்தோடு எந்த உறவில் வைப்பது என்ற கேள்விக்கு ஒரு நூற்றாண்டுக்குள் ஒன்றுக்கொன்று முரணான மூன்று விடைகள் கிடைத்தன.

முதல் விடை இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்தில் உள்ள கிராக்சைடு மாளிகையில் பிறந்தது. அதன் உரிமையாளர், பொறியாளர் வில்லியம் ஆம்ஸ்ட்ராங். 1880-இல் நீர்விசையில் ஓடிய டைனமோவைக் கொண்டு ஜோசப் ஸ்வானின் இழை விளக்குகளை அவர் வீட்டில் எரித்தார். நூலக அறையின் எட்டு விளக்குகளில் நான்கு, எனாமல் பூசிய செம்புக் குடுவைகளின் மேல் அமர்ந்திருந்தன. அங்கே குடுவையே ஒரு கம்பி. விளக்கைத் தாண்டிய மின்னோட்டம் செம்பின் வழியே அடிப்பீடத்துக்குத் திரும்பியது. உள்ளே வரும் மின்னோட்டத்துக்கு மட்டும் குடுவைக்குள் உறையிட்ட கம்பி ஒன்று இருந்தது. அதன் மொட்டை நுனி பீடத்தில் இருந்த பாதரசக் கிண்ணத்தில் தோய்ந்து நிற்கும். குடுவையைத் தூக்கினால் விளக்கு அணையும், வைத்தால் எரியும். தனி சுவிட்ச் தேவைப்படவில்லை.

இத்தகைய தனிமனித உத்திகளுக்கு விரைவில் வரம்பு வந்தது. மின்விளக்கால் நேரும் தீ விபத்துகளைத் தடுக்க, லண்டனில் தந்திப் பொறியாளர் சங்கம் 1882-இல் விதிகளை வெளியிட்டது. பிரிட்டனின் இன்றைய வயரிங் விதிகள் அந்தச் சிறு தொகுப்பின் வழித்தோன்றல்களே.

இரண்டாவது விடை எரிவாயுவால் வந்தது. நகரங்களின் வசதியான வீடுகளில் கூரையிலிருந்து எரிவாயுச் சரவிளக்குகள் தொங்கின. மின்சாரம் வந்ததும் அவற்றைக் கழற்றி எறியாமல், அதே குழாயை ஒட்டிக் கம்பி இழுத்து மின்விளக்கையும் பொருத்தினார்கள். இரண்டும் எரியும் கூட்டு விளக்குகளும் விற்பனைக்கு வந்தன. எரிவாயுக் குழாய் மண்ணுக்குள் செல்வது. விளக்குத் தண்டின் இடுக்கில் கம்பியின் உறை தேய்ந்து உலோகத்தைத் தொட்டால், பொறி பறந்து குழாயே துளைபடலாம். அதனால் அமெரிக்க விதிகள் குழாய்க்கும் விளக்குக்கும் நடுவே மின்கடத்தாத இணைப்பு ஒன்றைக் கட்டாயமாக்கின. கிராக்சைடில் மின்னோட்டத்தைச் சுமந்த உடல் இங்கே மண்ணிலிருந்து பிரிக்கப்பட்டது.

அக்காலத்து வீடுகளுக்கு மின்சாரம் பெரும்பாலும் வெளிச்சத்துக்காகவே வந்தது. சுவரில் பிளக் பாயின்ட் அரிது. மேசை விளக்கு, இஸ்திரிப் பெட்டி, கிறிஸ்துமஸ் மரத்தின் சீரியல் செட் எல்லாமே பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரிலிருந்து மின்சாரம் எடுத்தன. 120 வோல்ட் சுற்றில் எட்டு பல்புகளை வரிசையாக இணைத்தால் ஒவ்வொன்றுக்கும் 15 வோல்ட் கிடைக்கும். அந்த எளிய கணக்கில்தான் தொடக்ககால சீரியல் செட்டுகள் அமைந்தன. ஹோல்டரில் ஒரு பகுதி தங்க, மறுபகுதியை மட்டும் பிடுங்கி எடுக்கும் பிளக்குக்கு ஹார்வி ஹப்பல் 1904-இல் காப்புரிமை பெற்றார். வசதி பெருகியது, ஆனால் ஹோல்டருக்கு வருபவை இரண்டே கம்பிகள். அங்கிருந்து மின்சாரம் எடுத்த எந்த உலோகப் பொருளுக்கும் எர்த் கிடைக்கவில்லை.

மூன்றாவது விடை இந்தக் குறையிலிருந்து எழுந்தது. உடலை எர்த்தோடு இணைத்துவிட்டால், ஃபேஸ் கம்பி அதைத் தொட்ட கணத்தில் பெரும் மின்னோட்டம் பாய்ந்து ஃப்யூஸ் போகும்; தொடுபவருக்கு ஷாக் அடிக்கும் வரை காத்திருக்காது. பிளக் பாயின்டுகளுக்கு எர்த் முன்பே வந்துவிட்டாலும், விளக்குப் புள்ளிகள் பின்தங்கின. ஒவ்வொரு விளக்குப் புள்ளிக்கும் எர்த் கம்பி வேண்டும் என்று பிரிட்டிஷ் விதிகள் 1966-இல் வெளியான 14-ஆம் பதிப்பில்தான் வற்புறுத்தின.

இந்தியாவின் வீட்டு வயரிங் பிரிட்டிஷ் மரபில் வளர்ந்தது. சீலிங் ரோஸும் பின் வைத்த பல்பு ஹோல்டரும் தமிழ்நாட்டு வீடுகளுக்கு வந்தது அவ்வழியே. மர ரீப்பரில் கிளிப் அடித்து வயர் ஓட்டிய பழைய வீடுகளில் விளக்குப் புள்ளிக்குப் பெரும்பாலும் இரண்டு கம்பிகளே சென்றன. அத்தகைய கூடத்தில் பித்தளைச் சரவிளக்கு தொங்கவிட, எர்த் கம்பியைத் தனியாக இழுத்துவர வேண்டும். சுமைக்கும் வரம்பு உண்டு: இந்திய நடைமுறையில் ஒரு விளக்குச் சுற்றுக்கு 10 புள்ளிகள் அல்லது 800 வாட். 60 வாட் குண்டு பல்புகள் ஐந்து பொருத்திய சரவிளக்கு அதில் 300 வாட்டை விழுங்கியது. 9 வாட் எல்.இ.டி. பல்புகள் ஐந்துக்கு 45 வாட் போதும்.

இன்று சதுரத்துக்குள் சதுரம் பொறித்த விளக்குகளுக்கு எர்த் தேவையில்லை. இரட்டைக் காப்பு அந்த வேலையைச் செய்கிறது. அந்தக் குறி இல்லாத உலோக விளக்குகளுக்கு மூன்றாவது விடையே இன்றும் விதி.